கடல் வேண்டுதல்

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டும். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. செங்கல்பட்டுலேர்ந்து இந்த வெயில்ல பஸ் ஏறியா வந்தீங்க? மோர் கொண்டு வரேன், இருங்க. வீட்டுல யாரும் இல்ல. இவரு பையனைக் கூட்டிக்கிட்டு முடி வெட்டப் போயிருக்காரு. அத்தைதான், அதான் எங்க மாமியார், எங்க நாத்தனார் மங்கைக்கு இது ஏழாவது மாசம்னு உங்க ஊர்லயே உக்காந்திருக்காங்களே, உங்களுக்குத் தெரியாததா. மங்கை வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே நீங்க?

அந்தத் தாம்பாளத்தை எடுக்காதீங்க. மஞ்சத்துணியை முதல்ல பைக்குள்ள வைங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பையன் கவர்மென்ட் பரீட்சை எழுதியிருக்கான். அவனுக்கு வேலை கிடைக்கணும்னு நான் ஒரு மண்டலம் விடியக்காலையில கடல்ல குளிக்கணும். அதானே?

நான் குளிக்க மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க. மங்கைக்கு நடந்துச்சு, எல்லாருக்கும் நடக்கும்னு ஊரே சொல்லுது. இவ்வளவு தூரம் வந்த உங்களை ஏமாத்த எனக்கு மனசில்ல. உண்மையைச் சொல்லிடறேன். கேட்டுட்டு மோரைக் குடிச்சிட்டுப் போயிடுங்க. மங்கை காதுல மட்டும் போட்டுடாதீங்க, உங்க பையன் மேல சத்தியம்.

எனக்கு வேண்டுதலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நான் கோவளம் போனது விளையாடறதுக்கு.

சிரிக்காதீங்க. அலைமேல பலகையைப் போட்டு அதுமேல ஏறி நிப்பாங்களே, டிவில பார்த்திருப்பீங்க. சர்ஃபிங். அதுதான். முப்பத்தாறு வயசுல, ஒரு பிள்ளையைப் பெத்தவ, ஆபீஸ்ல சம்பளப் பட்டியல் போடறவ. எங்க ஆபீஸ்ல ஒரு தடவை எல்லாரையும் கோவளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சின்னச் சின்னப் பசங்க, ஜிம்முக்குப் போறவங்க, எல்லாம் பலகையில ஏறினதும் தொப்பு தொப்புன்னு விழுந்தாங்க. நான் நின்னேன். எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க, கண்ணை மூடித் திறக்கற நேரம். ஆனா நின்னேன். கத்துக் குடுக்கற மோசஸ், கோவளம் குப்பத்துக்காரன், "அக்கா, உங்களுக்கு இது வருது"ன்னான்.

எனக்கு ஒண்ணு வருதுன்னு ஒருத்தர் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? சாம்பார் வருதுன்னுகூட யாரும் சொன்னதில்ல.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட வீடியோவைக் காட்டினேன். பார்த்துட்டு ஒரு சிரிப்பு. "குழந்தைங்க விளையாட்டெல்லாம் உனக்கு எதுக்கு தாட்சா? முட்டியை ஒடச்சிக்கிட்டா யாரு சமைக்கறது?"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல. என்மேல கையை ஓங்கினதில்ல, குடி கிடையாது. ஆனா பாருங்க, முட்டி ஒடஞ்சா வலிக்குமேன்னு சொல்லல. யாரு சமைக்கறதுன்னாரு. அன்னிக்கே அந்தப் பேச்சை மூடி வச்சிட்டேன்.

மறுநாளோ என்னவோ அத்தை மங்கைகிட்ட பேசறதுக்கு என் ஃபோனை வாங்கினாங்க. தடவித் தடவி அந்த வீடியோவைத் திறந்துட்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தாங்க. "யாரும்மா இந்தப் பொண்ணு?"ன்னாங்க. "ஆபீஸ்ல ஒருத்தி"ன்னேன். "நல்லா நிக்கறா"ன்னு சொல்லிட்டு ஃபோனைக் குடுத்துட்டாங்க. பாவம், சொந்த மருமகளையே அடையாளம் தெரியல. கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷனுக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறாங்க.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? வாக்கிங் போறேன்னு ஆரம்பிச்சேன். வாரத்துல ரெண்டே நாள்தான், செவ்வாயும் வியாழனும். திங்கக்கிழமை ஆபீஸ்ல மீட்டிங். புதன் பையனுக்கு நீச்சல் வகுப்பு. ஆமா, அவனுக்கு நீச்சல் வகுப்பு உண்டு, அவனைக் கொண்டுவிட்டுட்டுக் கரையில உக்காந்திருக்கறது நான். வெள்ளி வீடு கழுவற நாள். சனி, ஞாயிறு கேக்கவே வேணாம். மாசக் கடைசி வந்தா அந்த ரெண்டு நாளும் போச்சு. முந்தின ராத்திரியே காய் நறுக்கி வச்சிடுவேன், இட்லி மாவை வெளிய எடுத்து வச்சிடுவேன், யூனிஃபார்ம் தேய்ச்சிடுவேன். இருட்டோட எழுந்து ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டு கேட் வரைக்கும் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். அரைமணி நேரம் தண்ணியில. உடனே ஓடி வந்து குக்கரை ஏத்தணும்.

அந்த அரைமணி நேரத்துல என்ன இருக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நிக்கற நேரத்துல யாரும் என்னை "என் சாக்ஸ் எங்க, மாத்திரை எங்க"ன்னு கேக்க முடியாது. அவ்வளவுதான். சந்தோஷமா இருக்கும். விழுந்தாக்கூட சந்தோஷமா இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மாட்டிக்கிட்டேன். திரும்பி வரேன், அத்தை வாசல்ல பால் பாக்கெட்டோட நிக்கறாங்க. தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, கழுத்தெல்லாம் மணல். வாக்கிங் போனவளுக்கு எப்படிங்க தலை நனையும்? அதுக்கு முந்தின நாள்தான் மங்கைக்கு வந்த வரனும் தட்டிப் போயிருந்தது. முப்பத்திரெண்டு முடிஞ்சிருந்துச்சு அவளுக்கு அப்ப. வீடே இழவு வீடு மாதிரி இருந்துச்சு. அத்தை என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. உள்ள இவரு பல் விளக்கற சத்தம் கேக்குது. "கடல்ல குளிச்சிட்டு வரியா?"ன்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே, நல்லா உரக்க, "மங்கைக்காக வேண்டிக்கிட்டியா தாட்சா?"ன்னாங்க.

தலையை ஆட்டிட்டேன்.

என்ன பண்ணச் சொல்றீங்க? ஆட்டிட்டேன். அத்தை என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "கூடப்பொறந்தவனுக்குத் தோணல, வந்தவளுக்குத் தோணியிருக்கு பாரு"ன்னு இவரைப் பார்த்து ஒரு வாங்கு வாங்கினாங்க. பிரஷ்ஷை வாயில வச்சிக்கிட்டு அவரு திருதிருன்னு முழிச்சாரு. உடனே அத்தை, "ஒரு மண்டலம். ஒருநாள் விடாம போகணும்"னு சொல்லிட்டாங்க.

மங்கை நம்பல. "நம்ம ஊர்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாதேம்மா"ன்னா. "உனக்கு என்னடி தெரியும், தேவனாம்பட்டினத்துல உண்டு"ன்னு அத்தை அதட்டினாங்க. அவங்க பொறந்த ஊரு, கடலூருக்குப் பக்கத்துல, வீட்டுக்குப் பின்னாடியே கடல். எங்க அப்பார்ட்மென்ட் பிளாக் செக்ரட்டரி ஒருநாள் வந்து, "கண்ட நாள்ல கடலைத் தொடக் கூடாதே, அமாவாசைக்குத்தானே குளிப்பாங்க"ன்னாரு. அவருக்கும் அதே பதில்தான். வயசானவங்களுக்கு ஒண்ணு பிடிச்சிடுச்சுன்னா விடமாட்டாங்க. தானா ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கி, அதைத் தானே நம்பிக்கிட்டு, என் தலையில கட்டிட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஒரு மண்டலம் இருக்கே, என் ஆயுசுல அப்படி ஒரு காலம் இருந்ததில்ல. "வேண்டுதல்காரி காலையில அடுப்படியில நிக்கக் கூடாது"ன்னு அத்தை டிபன் பாக்ஸை எல்லாம் அவங்களே கட்டினாங்க. பையனை இவரு பஸ் ஏத்தினாரு. நான் ஸ்கூட்டியை வாசல்லயே ஸ்டார்ட் பண்ணினேன், தைரியமா! தினமும் போனா வராம இருக்குமா? பலகையைத் திருப்பக் கத்துக்கிட்டேன், அலையோட கூடவே பக்கவாட்டுல போகக் கத்துக்கிட்டேன். சத்தியமா சொல்றேன், ஒருநாள்கூட மங்கைக்காக வேண்டிக்கல. விழும்போது "முருகா"ன்னு கத்துவேன். அவ்வளவுதான் சாமி.

தொல்லையும் இருந்துச்சு. வேண்டுதல்னு வீட்டுல மீன் கிடையாது. கோவளத்துல கண்ணு முன்னாடி வலையிலேர்ந்து சங்கரா துள்ளும், நான் வந்து புடலங்காய்க் கூட்டு சாப்பிடணும். இதுல அத்தைக்கு மறதி வேற. விடியக்காலையில ஒரு அவிச்ச முட்டையைக் கையில திணிப்பாங்க, "தெம்பு வேணும்ல"ன்னு. வேண்டுதல்ல முட்டை சாப்பிடலாமான்னு அவங்களுக்கே தோணல! நான் சொல்லிக் காட்டல, சாப்பிட்டுட்டேன். அந்த மூணு நாள் கணக்கும் அவங்களுக்கு மறந்து போச்சு. எனக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சும், "உனக்கு இன்னும் தேதி இருக்கேம்மா, போயிட்டு வா"ங்கறாங்க. வயசாயிடுச்சுங்க. பலகை உரசி முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு கிடந்துச்சு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "முட்டி போட்டு வேண்டிக்கிறே போல"ன்னாங்க. நானும் "ஆமா"ன்னேன். உள்ளுக்குள்ள கூசிச்சு.

ஒருநாள் சாமி கும்பிட்டுக்கிட்டிருக்கோம், மோசஸ் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கை பட்டு ஃபோன்ல கத்துது, "அக்கா, நாளைக்கு சூப்பரா வருது, சீக்கிரம் வந்துடுங்க!" இவரு திரும்பிப் பார்த்தாரு, "யாரு அது?" அத்தைதான், "கோயில் ஆளா இருக்கும், அலங்காரத்தைச் சொல்றான்"னு கற்பூரத்தைக் காட்டினாங்க. நல்லவேளை, அவங்க அப்படிப் புரிஞ்சிக்கிட்டாங்க.

திரும்பி வந்தா ஒரே கேள்வி. சாமி கும்பிட்டியா, விளக்கு வச்சியா, எதுவும் கேக்க மாட்டாங்க. "இன்னிக்கு அலை எப்படி இருந்துச்சு?" தினமும் அதே. கடலோரத்துல பொறந்தவங்க இல்லையா, அந்தப் பழக்கம்.

மண்டலம் முடியல, மங்கைக்கு உங்க செங்கல்பட்டு மாப்பிள்ளை அமைஞ்சிட்டாரு! ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, நிச்சயம், எல்லாம் மளமளன்னு. எனக்கு சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதோட என் கழுத்துல சுருக்கு விழுந்துடுச்சு.

ஏ பிளாக் வசுமதி இருக்காளே, அவதான். மங்கை கல்யாணத்துல பந்தியிலயே ஆரம்பிச்சா. "தாட்சாயணி கடல்ல குளிச்சா நடக்குது"ன்னு வாட்ஸ்அப்ல போட்டா. அடுத்த வாரம் அஞ்சு பேரு. அதுக்கடுத்த வாரம் வேன். வேன் வச்சாங்கங்க! புளிசாதம், தேங்காய், கற்பூரம், பாட்டு. ஒருத்திக்கு வீடு விக்கணும், ஒருத்தி பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும், ஒருத்தி புருஷன் சிகரெட்டை விடணும். எல்லாத்துக்கும் நான் முங்கணும். பட்டுச் சேலை கட்டிக்கிட்டு. முட்டி ஆழத்துல. மூணு முங்கு முங்கிட்டு வெளிய வந்துடணும்.

நினைச்சுப் பாருங்க. எனக்குப் பின்னாடி அலை வருது. எது வளரும், எது உடையும்னு எனக்கு இப்பத் தெரியும். ஒவ்வொண்ணும் என்னோடதுங்க அது! எனக்கு முன்னாடி பதினஞ்சு பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கறாங்க. தூரத்துல மோசஸ் பலகையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கறான். நான் மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முங்கறேன். அழுகை அழுகையா வந்துச்சு. தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?

அத்தையும் ஒருநாள் வேன்ல வந்தாங்க. வந்தவங்க கரையில நிக்க வேணாமா? இடுப்பு ஆழத்துக்குப் போயிட்டாங்க. ஒரு அலை வந்து ஆளையே கவுத்துடுச்சு. நான் பதறிப்போய் ஓடறேன், அவங்க எழுந்து நின்னு சிரிக்கறாங்க, சின்னப் பிள்ளை மாதிரி, சேலையெல்லாம் மணலோட. கல்யாணம் ஆகித் திண்டிவனம் வந்தப்புறம் மாமா கருமாதிக்குத்தான் கடலைத் தொட்டாங்களாம். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்க வேணாமா, எல்லாரும் பார்க்கறாங்க. அன்னிக்கு வேன்ல வரும்போது, "நாளையிலேர்ந்து யாரும் வராதீங்க, அவ தனியாத்தான் போகணும், அதுதான் முறை"ன்னு வசுமதிகிட்ட சண்டையே போட்டாங்க. எனக்கு வந்த பேரு அவங்களுக்குப் பொறுக்கல. வேற என்ன?

வசுமதி விடுவாளா. கடைசியில அவ பொண்ணு பரீட்சையில கோட்டை விட்டா. வேன் நின்னு போச்சு. அப்பாடான்னு மறுநாள் காலையில பையை எடுத்தேன், இவரு "எங்க?"ன்னாரு. "கடலுக்கு"ன்னேன். "அதான் மங்கைக்கு முடிஞ்சுதே, இனிமே யாருக்கு?"ன்னாரு.

யாருக்குன்னு கேட்டாருங்க. எனக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. பையை ஆணியில மாட்டிட்டு அரிசி களைஞ்சேன். அன்னிலேர்ந்து அந்தப் பை அங்கதான் தொங்குது, பாருங்க, அந்தப் பச்சைத் துணிப்பை. ஈரத்துணி போட்டுக்க அத்தை தச்சுக் குடுத்தது, உள்பக்கம் பிளாஸ்டிக் வச்சு. இப்ப ஆனி பொறந்தாச்சு, நல்ல அலை வர்ற காலம். மோசஸ் தினமும் வீடியோ அனுப்பறான். திறக்காம அழிச்சிடறேன்.

அதனாலதான் சொல்றேன். என்னால இன்னொரு தடவை பொய்க்கு முங்க முடியாது. மனசு விட்டுப் போச்சு. உங்க பையன் நல்லாப் படிச்சிருந்தா வேலை கிடைக்கும். என்னை விட்டுடுங்க. ஆமா, யாரு உங்களை என்கிட்ட அனுப்பினது? மங்கையா?

அத்தையா?

பார்த்தீங்களா! அங்க போயும் என்னை நிம்மதியா இருக்க விடல. ஊர் ஊராப் போய் எனக்கு ஆள் பிடிக்கறாங்க. அப்படி என்னதான் சொன்னாங்க?

கூட யாரும் வரக் கூடாதுன்னாங்களா? தனியாத்தான் போகணும்னா? வேன், கூட்டம் எதுவும் கூடாதுன்னா? ம்.

மண்டலக் கணக்குக் கிடையாது, காரியம் முடியற வரைக்கும் போகணும்னா? இது என்ன புதுசா இருக்கு?

முதல்ல உங்க தெருவுல நாலாவது வீட்டம்மா கேட்டாங்களா, பொண்ணுக்கு வரன் பார்க்கறாங்கன்னு? அவங்களை வேணாம்னு சொல்லிட்டாங்களா? ஏனாம்? வரன்னா சீக்கிரம் அமைஞ்சிடும்னா?

அப்புறம் உங்களைக் கேட்டாங்க. ரிசல்ட் எப்ப வரும்னு. நீங்க என்ன சொன்னீங்க? ஒரு வருஷமாவது ஆகும்னு. அதுக்கு அவங்க?

"அப்ப நல்லது, நீ போய்க் கேளு"ன்னாங்களா?

இருங்க. ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கறேன்.

"நல்லா நிக்கறா"ன்னாங்க. அன்னிக்கே சொன்னாங்க. முட்டையை உரிச்சுக் கையில வச்சாங்க. முட்டியைப் பார்த்தாங்க. தினமும் வாசல்ல நின்னு அலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்களே, நான் ஒருநாளாவது ஒழுங்கா பதில் சொன்னேனா? "இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். கண்ணுல புரைன்னு நினைச்சேன் பாருங்க, எனக்குத்தாங்க புரை. ஐயோ. அன்னிக்கு அவங்க சிரிச்சதுக்கு நான் எவ்வளவு கோவப்பட்டேன்.

இல்ல, அவங்ககிட்ட கேக்க மாட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. நேர்ல கேட்டுட்டா அது விளையாட்டாயிடும். விளையாட்டுக்கு இந்த வீட்டுல எனக்கு நேரம் கிடையாது. அவங்களுக்கும் இருந்ததில்ல. யாருக்காவது ஒரு குறை இருந்தாத்தான் நாங்க கடல் பக்கம் போக முடியும். அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.

சத்தம் கேக்குது, இவரு வந்துட்டாரு போல. கண்ணைத் தொடச்சிக்கறேன். அந்தத் தாம்பாளத்தை எடுங்க. சீக்கிரம். மஞ்சத்துணியை மேல வைங்க, கண்ணுல படற மாதிரி.

சொல்லுங்க, பையன் பேரு என்ன? நட்சத்திரம்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடறேன்.

ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருஷம்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னாடி ரிசல்ட் வந்துடாதே?